மேசைத் துணிக்குப் பின்னால்

என் பழைய ஷேவிங் பிரஷ் ஒன்று ஜன்னல் விளிம்பில் கிடக்கிறது. மயிர் பாதி உதிர்ந்துவிட்டது. மிச்சம் இருப்பது அடிவரை பழுப்பேறியிருக்கிறது. அதில் சோப்புத் தொட்டு வருஷக்கணக்காகிறது. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. அதைக் கழுவித் துடைத்து ஒரு சிஸ்டர் கையில் கொடுத்தேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

நான் ஐந்தாவதோடு நின்றவன். திண்டுக்கல்லில் ஒரு புகையிலைக் கிட்டங்கியில், அதாவது குடோனில், சலிக்கிற வேலை. வெட்டிய புகையிலையைப் பெரிய சல்லடையில் போட்டு ஆட்டினால் தூள் கீழே இறங்கும். பாதி மேலே ஏறும். சட்டை, துண்டு, காது மடல், கண் இமை எல்லாம் அதுதான். எத்தனை குளித்தாலும் வாசம் போகாது. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சர்ச்சில் பூசைக்குப் போனால் நான் கதவோரமாகத்தான் நிற்பேன். யாரும் நிற்கச் சொன்னதில்லை. நானாக நின்றுகொள்வேன். பழகிவிட்டது.

மகள் கல்லூரிக்குப் போய்க் கம்ப்யூட்டர் படித்தாள். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆன நேரம். மூடப்போகிற ஒரு பிரவுசிங் சென்டரில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று கிடைத்தது. எங்கள் வீடு ஒரு அறை, ஒரு அடுப்படி. முன்னறையில் மேசை போட்டு டிவி மாதிரி இருப்பதை மேலே வைத்தோம். பெட்டியைக் கீழே வைத்தோம். என் மனைவி பூப்போட்ட துணி ஒன்றைத் தைத்து மேசை மேல் விரித்தாள், தரையைத் தொடும் அளவுக்கு. பெட்டியில் தூசி படக் கூடாதாம்.

அதுவரை என் கிட்டங்கிச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். கூடப் படிக்கிற பெண் வீட்டுக்கு வருகிறாள் என்று மகள் சொன்ன அன்று, மனைவி சட்டையையும் துண்டையும் சுருட்டி அந்த மேசைக்கு அடியில் தள்ளினாள். துணியை இழுத்துவிட்டாள். அறையைச் சாத்தி வைத்துச் சாம்பிராணி போட்டாள். அந்தப் பெண் வந்து போனாள். மறுநாள் சட்டை ஆணிக்குத் திரும்பவில்லை. நானும் மாட்டவில்லை. சாயங்காலம் வந்ததும் கழற்றி, மூட்டையாகச் சுருட்டி, துணிக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் குளிக்கப் போவேன். மூன்று பேரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை.

கொஞ்ச மாதத்தில் கம்ப்யூட்டர் இழுக்க ஆரம்பித்தது. போட்டதும் நன்றாக ஓடும். செத்த நேரத்தில் சொன்ன பேச்சுக் கேட்காது. மகள் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு அது வருவதற்காகக் காத்திருப்பாள். சென்டர்காரர் ஒருவர் வந்து வைரஸ் என்று சொல்லி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார். நாலு நாள் கழித்து அதே கதை. வீட்டுக்காரர் கரண்டு சரியில்லை என்றார். மனைவி இருதய ஆண்டவர் படத்தைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் மாட்டினாள், சாம்பிராணியும் அங்கேயே. மகளுக்குக் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முடித்துக் கொடுத்தால்தான் பாஸ். கல்லூரியில் மிஷின் கிடைக்காது, வரிசை. வீட்டில் உள்ளது ஓடாது. அவள் சாப்பாட்டைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்து போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்லூரியில் அவளுக்குப் பாடம் எடுத்த கன்னியாஸ்திரிதான் அந்த சிஸ்டர். பழனிப் பக்கத்து ஆள். குள்ளம், கணீரென்ற குரல், ஸ்குரூ டிரைவரைக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறவர். பூசை முடிந்து நேராக வீட்டுக்கு வந்துவிட்டார். கூட, முன்னே வந்துபோன அந்தப் பெண், ப்ராஜெக்டில் மகளோடு சேர்ந்தவள். செருப்பைக் கழற்றும்போதே கேட்டார்:

“ஏனுங்க அப்பா, லாரி ஆபீஸ் இன்னிக்கு லீவுங்களா?”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. மகளைப் பார்த்தேன். அவள் துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். புரிந்தது. கல்லூரியில் அப்படிச் சொல்லி வைத்திருக்கிறாள்.

“லீவுதாங்க சிஸ்டர்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை கிட்டங்கிக்கும் லீவுதான்.

சிஸ்டர் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் போட்டார். எதையும் தட்டவில்லை. காப்பி வாங்கிக் குடித்தார். “ஒண்ணுஞ் செய்யாத. சும்மா கெடக்கட்டும்” என்றார் மகளிடம். கொஞ்ச நேரம் கழித்து எதையோ திறந்தார். இழுத்தது. மேசைத் துணிக்குள் கையை விட்டுப் பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்தார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“வைரஸும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. கொதிக்குது. சூடு ஏறுனா எரிஞ்சு போயிரக் கூடாதுன்னு அதுவா மெதுவா ஓடும். உள்ள காத்து போகல. வெளிய இழுங்க.”

துணியைத் தூக்கிப் பெட்டியை இழுத்தேன். மூட்டையும் கூடவே வந்தது. மனைவி சட்டென்று காலால் அதை உள்ளே தள்ளினாள். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மூடியைக் கழற்றினார். உள்ளே இருந்த காற்றாடி தெரியவில்லை. அதன் மேல் கம்பளி போர்த்திய மாதிரி பழுப்பாக ஒன்று அப்பியிருந்தது. சிஸ்டர் குனிந்து பார்த்தார். தும்மினார். நிற்காமல் தும்மினார். கூட வந்த பெண்ணுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“சிரிக்காதடி, வந்து டார்ச்சப் பிடி. யாரு வீட்டுப் பொடி டப்பிடா சாமி இது! ஒரு பிரஷ் குடுங்கப்பா.”

வீட்டில் பெயிண்ட் பிரஷ் இல்லை. இருந்த ஒரே பிரஷ் என்னுடையது. அதைக் கழுவி, துண்டில் ஒற்றி, கொண்டுவந்து நீட்டினேன். ஆம்பளை முகத்தில் போடுகிற சாமானை ஒரு சிஸ்டர் கையில் கொடுக்கக் கூச்சமாக இருந்தது. அவர் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தார். தூள் பேப்பரில் விழுந்தது. அதற்குச் சாம்பிராணிப் புகை பசை மாதிரி உதவியிருக்கிறது. கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. கிட்டங்கியில் நான் சலித்துக் கொட்டுகிற அதே தூள். எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும்.

“என்ன தூளுங்க இது?” என்றார் சிஸ்டர்.

மனைவி சேலைத் தலைப்பால் மேசையைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“இல்லீங்க, நான் தொடச்சிட்டுப் போயிருவேன். எங்கருந்து வருதுன்னு தெரியலீன்னா பத்து நாள்ல திரும்ப அடைச்சுக்கும். ப்ராஜெக்ட் பாதில நிக்கும். தெரியாம நான் இத மூட மாட்டேன்.”

மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி என்னைப் பார்த்தாள். நான் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, துணியைத் தூக்கி, மூட்டையை வெளியே எடுத்து சிஸ்டர் முன்னால் வைத்தேன்.

“இதுலருந்துதாங்க. லாரி ஆபீஸ் இல்லீங்க சிஸ்டர். புகையிலக் கிட்டங்கி.”

டார்ச் பிடித்திருந்த பெண்ணின் இன்னொரு கை மூக்குக்குப் போனது. பாதியில் இறக்கிக்கொண்டாள். முழுக்கப் பொத்தியிருந்தால் பஸ்ஸில் பார்க்கிறதுதானே என்று விட்டிருப்பேன். பாதியில் இறக்கினாள் பாருங்கள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. மகள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். கழுவி வைத்த டம்ளர்களைத் திரும்பக் கழுவுகிற சத்தம் கேட்டது.

சிஸ்டர் மூட்டையைப் பார்த்தார். பழுப்பேறிய என் விரலைப் பார்த்தார். பிரஷ்ஷை ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தேய்ப்பதைத் தொடர்ந்தார்.

“சரிங்கப்பா. அப்ப பெட்டி மேசைக்கு மேல இருக்கட்டும். இந்த மேசத் துணி வேண்டாம். சட்டைய வெளிய கொடில போடுங்க. சாம்பிராணி அடுப்படியோட. ஜன்னலத் தொறந்து வைங்க.”

“வெளிய போட்டா போறவுக வாரவுக பாப்பாகளே சிஸ்டர்” என்றாள் மனைவி.

“பாத்துட்டுப் போறாங்க. சட்டையத்தான பாக்குறாங்க, பொண்ணா பாக்குறாங்க?”

மனைவிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மூடியை மாட்டிப் போட்டதும் பெட்டியின் சத்தமே மாறியிருந்தது. ரொம்ப நேரம் ஓடியும் சூடாகவில்லை. சிஸ்டர் குரல் கொடுத்ததும் மகள் வந்து உட்கார்ந்து தட்டினாள். எழுத்து கையோடு வந்தது. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

ப்ராஜெக்ட் கொடுத்தாள். பாஸானாள். அடுத்த வருஷமே சிஸ்டரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். கல்லூரியில் அவர் இதை யாரிடமும் சொன்னதாகத் தெரியவில்லை. நான் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. மாற்றலுக்கு முன்னால் தெருவில் ஒரு தரம் அவரைத் தூரத்தில் பார்த்தேன். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு சந்தில் போய்விட்டேன். என் துணி மூட்டையைப் பார்த்த ஒருத்தர் முகத்தை எப்படிப் பார்ப்பது?

மகள் மேல் எனக்குக் கோபம் வந்ததே இல்லை. அதைச் சொல்ல வேண்டும். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது. சிஸ்டர் லாரி ஆபீஸ் என்று கேட்டாரே, அந்த ஒரு நிமிஷம் நான் அந்த லாரி ஆபீஸ் ஆளை மனசில் பார்த்தேன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் பேனா, ஃபேனுக்குக் கீழே நாற்காலி. மகள் எனக்காகச் செய்து வைத்திருந்த ஆள். எனக்கும் அவனைப் பிடித்திருந்தது. மகள் சொன்ன பொய்யை விட இதுதான் எனக்குப் பெரிய வெட்கம். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது அவள் கோயம்புத்தூரில் வேலையில் இருக்கிறாள். மடியில் வைக்கிற கம்ப்யூட்டர். நான் கிட்டங்கியை விட்டு நின்றுவிட்டேன். அந்த மேசைத் துணியை மனைவி தலையணை உறையாகத் தைத்துவிட்டாள். ஜன்னல் மட்டும் அன்றிலிருந்து சாத்துவதில்லை. போன மாதம் மகள் வந்திருந்தபோது வெளிச்சத்துக்காக அதன் பக்கத்தில் உட்கார்ந்தவள், பிரஷ்ஷைக் கையில் எடுத்தாள்.

“இத இன்னும் வச்சிருக்கீகளாப்பா?”

“கெடக்கட்டும்.”

அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மூச்சை இழுத்தாள். நிதானமாக, முழுசாக.

“வாசமே இல்லப்பா” என்று என்னிடம் நீட்டினாள்.

நான் வாங்கி ஜன்னலில் வைத்துவிட்டேன். மோந்து பார்க்கவில்லை.