குப்பை நடக்கும்வரை

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவரை எல்லோரும் 'பொறுங்கக்கா' என்றுதான் கூப்பிடுவோம். குளத்துச் சேற்றை வெள்ளைத் தட்டில் ஊற்றியதும் அவர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். யாராவது தட்டை ஆட்டினால் "பொறுங்க." குனிந்து பெருமூச்சு விட்டால் "பொறுங்க." தேநீர் கொண்டுவருபவர்கூட அவர் மேசைப் பக்கம் பூனை மாதிரிதான் நடப்பார்.

ஒரு குளமோ சதுப்போ உயிரோடு இருக்கிறதா என்று யாராவது கேட்டால், கைவலையோடு இறங்கி, முதுகெலும்பு இல்லாத சின்ன உயிர்களை வாரி எடுத்து, எத்தனை வகை என்று பிரித்துச் சொல்வது எங்கள் வேலை. நத்தை, அட்டை, தும்பியின் குஞ்சு, நீர்வண்டு. வகை கூடினால் தண்ணீர் நலமாக இருக்கிறது என்று பொருள். வலை போட மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தைச் செடி, சேறு, கரை என்று எல்லா இடத்துக்கும் பங்கு போட வேண்டும். ஒரே இடத்தில் நின்றுவிட்டால் குளத்தைப் பற்றி எந்தப் பொய்யையும் சொல்லிவிடலாம்.

நான் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. அப்பா டிப்பர் லாரி ஓட்டுகிறார். பள்ளமான இடங்களில் மண் கொட்டி மேடாக்குவது தொழில். அந்த மண்தான் என்னை விலங்கியல் படிக்க வைத்தது. இதை நினைத்தால் சில நாள் சிரிப்பு வரும். சில நாள் சோறு இறங்காது.

பொறுங்கக்கா என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஆள் குட்டை, குரல் நெட்டை. அவர் கணவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக். அவர்களுடைய மாடி வீட்டுக்கு முதல்முறை போனபோது, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டு முழுக்கச் சேற்றுப் பாட்டில்கள்.

"ஊர்ல இருக்கிற ஃபிரிட்ஜ் எல்லாம் தைரியமா தொறக்கிறேன்மா. என் வீட்டு ஃபிரிட்ஜைத் தொறக்கத்தான் பயமா இருக்கு" என்றார் கணவர்.

"தொறக்காதீங்க. உங்க மூஞ்சியைப் பாத்தா அதுங்களும் பயப்படும்" என்றார் அக்கா, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் எல்லோரும் ஒரு தப்பு செய்வார்கள். தட்டில் ஓடுவதை மட்டும் பொறுக்கிவிட்டு மீதியைக் குப்பை என்று கொட்டிவிடுவார்கள். அந்தக் குப்பையில் ஒரு புழு இருக்கும். இலைத்துணுக்கையும் குச்சியையும் உடம்பைச் சுற்றி ஒட்டிக்கொண்டு அதற்குள்ளேயே வாழும். பயந்தால் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்போது அது வெறும் குச்சி. அக்கா அதற்கு வைத்த பெயர் 'சட்டைக்காரன்'. தண்ணீர் தெளிந்து, சத்தம் அடங்கி, ஆபத்து போய்விட்டது என்று அதுவாக நம்பினால்தான் காலை வெளியே நீட்டும். அதற்காகத்தான் அத்தனை 'பொறுங்க'.

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சதுப்பு இருக்கிறது. அதை நிரப்பிக் கிடங்கு கட்ட ஒரு கம்பெனி வந்தது. அங்கே உயிர் எதுவும் இல்லை என்று அறிக்கை வேண்டும். எங்களிடம் கொடுத்தார்கள். நானும் அக்காவும் முறைப்படி மூன்று நிமிடத்தையும் பங்கு போட்டு எடுத்துவந்தோம். எங்கள் ஆய்வுக்கூட மேனேஜர் பாட்டில்களைப் பார்த்தார்.

"வடிகால் வாயில எடுத்தது எது? அதை மட்டும் எழுதுங்க. போதும்."

"அங்க சாக்கடைத் தண்ணி விழுது சார். சிவப்புப் புழுவைத் தவிர எதுவும் இருக்காது."

"நல்லதாப் போச்சு. அதையே எழுதுங்க."

"கக்கூஸை மட்டும் எட்டிப் பாத்துட்டு வீட்ல ஆளே இல்லன்னு எழுதச் சொல்றீங்க."

நான் அக்காவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார்.

"கையெழுத்து போடுவீங்களா மாட்டீங்களா?"

"முழுச் சதுப்புக்குப் போடறேன் சார். மூலைக்குப் போட மாட்டேன்."

மேனேஜர் என் பக்கம் திரும்பி, நீயும் டிகிரி முடிச்சவதானே என்பதுபோல் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக என் டிகிரி எனக்குக் கனத்தது.

அறிக்கை முடியும் முன்பே, கிடங்குக்கு அனுமதி தர வேண்டிய நகராட்சி இன்ஜினியர் இடத்தைப் பார்க்க வந்தார். மேனேஜர் அவரைக் கரையோரமே நடத்திக் காட்டிவிட்டுக் கார்க் கதவைத் திறந்துவிட்டார். அதற்குள் அக்கா முழங்கால்வரை இறங்கி, செடிக்குள் வலையை வீசி, தட்டு நிறைய அள்ளிக்கொண்டு ஏறிவிட்டார்.

மேனேஜர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க சார், வெறும் குப்பை."

இன்ஜினியரும் பார்த்தார். குச்சி, இலை, கலங்கல். "ஆமா, ஒண்ணும் இல்லையேம்மா" என்றபடி காரில் ஏறினார்.

அக்கா தட்டைக் கொண்டுபோய்க் காரின் பானெட் மேல் வைத்தார்.

"என்னம்மா இது? எடுங்க!" என்றார் இன்ஜினியர்.

"பொறுங்க சார். வண்டியை நகர்த்தினா கொட்டிடும்."

"டிரைவர், ஹாரன் அடிப்பா."

"அடிக்காதீங்கண்ணே. அடிச்சா உள்ள போயிடுவான். அப்புறம் இன்னும் நேரமாகும்."

டிரைவருக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியவில்லை. ஹாரன் மேல் வைத்த கையை எடுத்துவிட்டு இறங்கிவந்து தட்டைப் பார்த்தார். மேனேஜர் அக்காவை என்னென்னவோ சொன்னார். அக்கா காது கேளாதவர் மாதிரி தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். கலங்கல் மெல்ல அடியில் படிந்தது. ஒரு வண்டு மேலே வந்து காற்று எடுத்துப் போனது. அப்புறம் டிரைவர் கத்தினார்.

"சார்! குச்சி நடக்குது சார்!"

இன்ஜினியர் இறங்கிவந்தார். குச்சி நடந்தது. பக்கத்தில் இன்னொன்று. இலை என்று நினைத்தது ஒரு தும்பிக் குஞ்சாகி வாயை நீட்டியது. அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். அவர் நல்லவரா கெட்டவரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்ல அவருக்கு வரவில்லை.

"இதை நீங்க வேற எங்கேர்ந்தோ கொண்டுவந்து கலந்தீங்கன்னு நாளைக்கே சொல்வாங்க. வேற ஆள் எடுக்கட்டும். என் முன்னால எடுக்கட்டும்."

அன்று மாலையே அக்காவுக்கு வேலை போயிற்று. அடுத்த வாரம் சதுப்பில் இறங்க வேண்டிய வேற ஆள் நான்தான்.

"வடிகால் வாயிலேயே நில்லு. மூணு நிமிஷமும் அங்கேயே. புத்தியா இரு" என்றார் மேனேஜர்.

வீட்டில் அப்பா கேட்டார். "அந்த பஸ் ஸ்டாண்டு பள்ளத்துக்கு மண்ணு அடிக்க என்னைக் கூப்பிட்டிருக்காங்க. நீ அங்கதான் போறியாம்மா?"

"ஆமாப்பா. நான் எழுதறதை வெச்சு உங்க வண்டி நின்னாலும் நிக்கும்."

அவர் டயர்ச் சேற்றைச் சுரண்டிக்கொண்டே சொன்னார். "கொட்டறதுக்கு முன்னால கீழ என்ன இருக்குன்னு நான் பாத்ததே இல்ல. பாத்தா கொட்ட முடியாது. நீ பாக்கத்தானே படிச்சே? போய்ப் பாரு."

திட்டினாரா, வாழ்த்தினாரா? இப்போதும் எனக்குப் பிடிபடவில்லை.

நான் இறங்கிய காலையில் கரையில் இன்ஜினியர், டிரைவர், மேனேஜர். கொஞ்சம் தள்ளி, குடையும் சாப்பாட்டுப் பையுமாகப் பொறுங்கக்கா.

"உங்களுக்கு இங்க என்ன வேலை?" என்றார் மேனேஜர்.

"வேலையா? அதைத்தான் நீங்க பிடுங்கிட்டீங்களே. கரை பொது இடம் சார், நிக்கிறேன்."

வடிகால் வாயில் வலையைப் போட்டேன். கால் சேற்றில் புதைந்தது. நின்றுவிடலாம் போலிருந்தது. நின்றால் வேலை இருக்கும், அப்பாவுக்கு மண் இருக்கும். என்னைக் குற்றம் சொல்ல யாருக்கும் மனசு வராது, எனக்கே வராது. அதுதான் பயமாக இருந்தது.

"ஒரு நிமிஷம் ஆச்சு! நகருடி!" கரையிலிருந்து அந்த நெட்டைக் குரல்.

"நீ அங்கேயே நில்லும்மா" என்றார் மேனேஜர்.

"உன் பட்டம் வடிகால் வாயிலதான் வாங்கினதா? செடிக்குள்ள போடி!"

காலைப் பிடுங்கினேன். சேறு விடமாட்டேன் என்று இழுத்தது. நானும் விடவில்லை. செடிக்குள் ஒரு நிமிடம். கரையை ஒட்டி ஒரு நிமிடம். மேனேஜர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

கரையேறி வலையைத் தட்டில் கவிழ்த்தேன். அதை டிரைவரே வாங்கி, யாரும் சொல்லாமல் பானெட் மேல் வைத்தார். மேனேஜர் குனிந்து, "பழைய குப்பைதானே" என்று ஆரம்பித்தார்.

"பொறுங்க சார்" என்றார் டிரைவர்.

எல்லோரும் பொறுத்தோம். குப்பை நடந்தது.

எல்லா வகையையும் எழுதி, அதே பானெட் மேல் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டேன். இன்ஜினியர் வாங்கிக்கொண்டார். அந்தக் கோப்பு எந்த மேசையில் நிற்கிறதோ, சதுப்பு இன்னும் சதுப்பாகத்தான் இருக்கிறது. மேனேஜர் அன்று, "நாளைக்கு ஆபீஸ்ல பேசிக்கலாம்" என்றார்.

"பேசலாம் சார்" என்றேன். வலையைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாராட்டுவார் என்று அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் கையிலிருந்த வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலையைத் தண்ணியில நல்லா அலசுடி. உள்ள இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."