தினமும் போடச் சொன்ன சப்பாத்து

சப்பாத்துப் பெட்டியை ஜீவராணியின் கையில் கொடுத்த அன்று தயாபரன் நீண்ட நேரம் பேசினார். பதுளையில் இருக்கும் ஓட்டக் கழகம் ஒன்றுக்கு அவர் செயலாளர். பேச்சில் பாதி, சப்பாத்தை வாங்கி அனுப்பிய கொழும்புக் கொடையாளர் சிவஞானத்தைப் பற்றியது. மீதி தன்னைப் பற்றியது. ஓடப்போகிறவளுக்கென்று இருந்தது இவ்வளவுதான்:

"இத தினமும் பயிற்சிக்குப் போடணும். போட்டு ஓடுற வீடியோ நம்ம வாட்ஸ்அப் குழுவுக்கு வரணும். வராட்டி தெரிவோட்டத்துக்கு உங்க பேர கழகம் குடுக்காது."

தெரிவோட்டம் என்பது ஊவா மாகாணப் பெண்கள் அணிக்கான பத்துக் கிலோமீட்டர் வீதி ஓட்டம். முதல் இரண்டு இடத்தில் வருகிறவர்கள் அகில இலங்கைப் போட்டிக்குப் போவார்கள். ஜீவராணி போன வருடம் நான்காவதாக வந்தாள். இந்த வருடம் அந்த இரண்டு இடங்களில் ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இருக்கவில்லை.

அவளுக்கு வயது இருபத்துநான்கு. நமுனுகுல மலைச்சரிவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அம்மா பாக்கியலெட்சுமியோடு கொழுந்தெடுக்கிறாள். ஓட்டத்தை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் அன்றைக்கு வேலை இல்லை. அவர்கள் குடியிருக்கும் லயமோ மலையின் உச்சியில். அப்படி ஓட ஆரம்பித்தவள்தான். ஈரச் சரிவில் பெருவிரலை மண்ணில் ஊன்றி, பாதத்தைக் கொஞ்சம் குறுக்கே வைத்து இறங்குவாள். கொழுந்துக்கூடையோடு இறங்குகிற எல்லாப் பெண்களும் அப்படித்தான் இறங்குவார்கள். அந்தப் பெருவிரல்தான் அவளுடைய ஓட்டத்தின் ஆதாரம்.

புதிய சப்பாத்தின் அடிப்பாகத்துக்குள் கார்பன் தகடு ஒன்று இருந்தது. அதன் மேலும் கீழும் தடித்த, லேசான நுரை. கையால் வளைத்தால் வளையாது. அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் இறங்கியபோது பக்கத்துத் தேயிலை நிரையில் நின்ற பெண்ணொருத்தி சிரித்தாள்.

"ஏண்டி ஜீவா, மாடி வீட்ட கால்ல கட்டிக்கிட்டு எங்க போற?"

"வாடகைக்கு ஆள் தேடிப் போறேன் அக்கா, வர்றியா?"

ஒரு சப்பாத்தை நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரே சொல்லில் சொல்லிவிட முடியாது. எந்த வீதியில், எந்த வேகத்தில், யாருடைய காலில் என்று கேட்க வேண்டும். ஜீவராணி அதைக் கேட்டாள். கொழுந்து நிறுத்துக் கொடுத்த பிறகு, மாலைகளில், பசறை வீதியின் நல்ல தார்ப்பகுதியில் முழு வேகத்தில் ஓடிப் பார்த்தாள். யாரோ பின்னாலிருந்து தூக்கித் தள்ளுவதைப்போல இருந்தது. அதே வேகத்துக்கு அவ்வளவு களைப்பு இல்லை. இப்படியும் ஒன்று இருக்கிறதா என்று வியந்தாள்.

ஆனால் பயிற்சி எல்லா நாளும் முழு வேகத்தில் நடப்பதில்லை. பெரும்பாலான நாட்களில் மெதுவாகத்தான் ஓட வேண்டும். மெதுவாக ஓடும்போது அந்த உயரமான நுரையின் மேல் குதிகால் ஆடியது. தோட்டத்து உடைந்த பாதையில் கல் ஒன்றில் பட்டதும் கணுக்கால் மடங்கியது. சரிவில் பெருவிரலை ஊன்றப் போனால் தகடு விடவில்லை. அடியில் ஒட்டியிருந்த மெல்லிய ரப்பர் ஈரத்தில் வழுக்கியது. இரண்டாவது வாரத்தில் பாதத்தின் மேற்பக்கம், நடுவில், ஒரு வலி தொடங்கியது. கொழுந்தெடுக்க நிற்கும்போதும் அது விடவில்லை. பசறைக் கடையில் வாங்கிய பழைய சப்பாத்தோடு ஓடிய நாட்களில் அந்த வலி வந்ததே இல்லை.

அவள் தயாபரனுக்குப் போன் எடுத்தாள்.

"சேர், இது ரொம்ப நல்ல சப்பாத்து. தெரிவோட்டத்தன்னைக்குப் போடுறேன். அதுக்கு முன்னாடி வேகமா ஓடுற ரெண்டு மூணு நாளைக்குப் போட்டுப் பழகிக்கிறேன். மத்த நாளைக்கு என் பழசு போதும். கால் வலிக்குது, சப்பாத்தும் தேஞ்சுரும்."

"இதான் பிள்ள, தோட்டத்து ஆளுங்களுக்கு நல்ல சாமான் குடுத்தா பழக்கமில்ல. பெட்டியில பூட்டி வச்சு அழகு பாப்பீங்க. சாமிக்குச் சாத்துற பட்டுச் சேலையா அது?"

"அப்படி இல்ல சேர்..."

"வீடியோ வரணும். சிவஞானம் ஐயா கேப்பாரு. எனக்கு அவ்வளவுதான் தெரியும்."

இந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் அடங்குவதில்லை. அந்தப் பாதையில் ஒரு நாளும் ஓடாத ஒருவர், ஓடுகிறவளுக்கு எது பழக்கம், எது பழக்கமில்லை என்று சொல்கிறார். அவள் சொன்னது புகார் அல்ல. சப்பாத்தை அதற்குரிய வேலைக்குப் பாதுகாக்கும் யோசனை. அதைக் கேட்கக்கூட அவருக்குப் பொறுமை இல்லை. பெயர் அவருடைய கையில் இருந்ததால் ஜீவராணி வாயை மூடிக்கொண்டாள். தினமும் போட்டாள். வீடியோ அனுப்பினாள்.

மழை பிடித்துக்கொண்டது. நமுனுகுலவில் மழை மாதங்களில் எதுவும் தானாகக் காய்வதில்லை. சேலையும் சாக்கும் விறகும் எல்லா வீடுகளிலும் அடுப்புக்கு மேலே கட்டிய பரணில்தான் காய்கின்றன. மறுநாளும் ஓட வேண்டும், சப்பாத்தோ தண்ணீராய்ச் சொட்டுகிறது. மகளின் கால் ஈரத்தில் ஊறக்கூடாது என்று பாக்கியலெட்சுமி அதை எடுத்துப் பரணில் வைத்தாள். தெரிவோட்டத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

காலையில் எடுத்தபோது நுரை சுருங்கியிருந்தது. வலது சப்பாத்தின் குதிப்பக்கம் பசை விட்டு வாயைப் பிளந்து, உள்ளே கறுப்புத் தகடு தெரிந்தது.

"ஐயோ, கருக்கிட்டேனே புள்ள! சாக்குக் காயற மாதிரி காயும்னு நெனச்சேனே!"

"அழுவாதம்மா. சுட்டதுதான் சுட்ட, கூட ரெண்டு கருவாடும் வச்சிருக்கக்கூடாதா?"

பாக்கியலெட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. ஜீவராணிக்கும் உள்ளே சிரிப்பில்லை. நடந்ததை மறைக்காமல் தயாபரனுக்குப் படம் எடுத்து அனுப்பினாள். அவர் அந்தப் படத்தைக் கழகத்தின் குழுவில் போட்டு, கீழே எழுதினார்: "அம்மா அடுப்பில் வைத்தாராம். கொடுத்த பொருளுக்குத் தோட்டத்தில் கிடைத்த மரியாதை." சிலர் சிரிக்கும் முகங்களைப் போட்டார்கள். அதைப் பார்த்த பக்கத்து லயத்து ஆட்கள் மூலம் செய்தி பாக்கியலெட்சுமிக்கும் போனது. அந்த வாரம் முழுவதும் அவள் நிறுவை இடத்தில் யாரோடும் பேசவில்லை.

பெயரை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை. சப்பாத்து கெடும் வரை வீடியோக்கள் தவறாமல் வந்திருந்தனவே.

தெரிவோட்டம் பதுளை நகர வீதிகளில் நடந்தது. நல்ல தார், முழு வேகம். அந்தச் சப்பாத்து எதற்காகச் செய்யப்பட்டதோ, அந்த ஒரு நாள். ஜீவராணி பழைய சப்பாத்தோடு ஓடினாள். கடைசித் திருப்பம் வரை இரண்டாவதாக இருந்தாள். முடிவுக்கோட்டுக்கு முன்னால் பண்டாரவளை அகீலா அவளைத் தாண்டினாள். இருவருக்கும் இடையில் ஒரு லொறி நிற்கும் தூரம்கூட இல்லை. அகீலாவின் காலில் கார்பன் தகடு வைத்த சப்பாத்து. வெள்ளை இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"நீங்க பயிற்சிக்கே இந்த மாதிரி சப்பாத்தப் போட்டீங்களாமே?" அகீலா மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டாள். "யாரு இந்த வேலை பாக்கச் சொன்னது? எங்க வாப்பா ஓட்டத்துக்கு மட்டும்தான் தொட விடுவாங்க."

ஜீவராணி மூன்றாவது. அணியில் இல்லை.

தயாபரன் அங்கேயே சிவஞானத்துக்குப் போன் எடுத்தார். எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுக்கொண்டு, சப்பாத்து எரிந்த கதையை முதலிலிருந்து சொன்னார். மறுமுனையிலிருந்து சிவஞானம் கேட்டார்:

"தினமும் போடச் சொன்னது யாரு தயாபரன்? போட்டியில ஓடுற ஒரு படம் அனுப்புங்கன்னுதானே நான் சொன்னேன்."

"இல்ல ஐயா, ஒரு ஒழுங்கு இருக்கணும்னு..."

"சரி, வேற ஒண்ணு அனுப்புறேன்னு அந்தப் பிள்ளைக்குச் சொல்லுங்க."

ஜீவராணி பக்கத்தில்தான் நின்றாள். குனிந்து போனுக்குள் பேசினாள்.

"அனுப்புங்க ஐயா, சந்தோசம். போட்டிக்கு மட்டும் போடுவேன். இந்த வருசம் போன எடத்த யாரு அனுப்புவாங்க?"

அவள் நிமிர்ந்து தயாபரனைப் பார்த்தாள்.

"சேர், குழுவுல போட்ட படத்த எடுங்க. எடுத்துட்டு, தினமும் போடச் சொன்னது நான்தான்னு எழுதுங்க. எங்கம்மா ஊருக்குள்ள தலை நிமிர்ந்து நடக்க முடியல."

படத்தை அவர் எடுத்தார். மற்றதை எழுதவில்லை. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ஜீவராணியே எழுதினாள்: "ஈரத்தில் தினமும் போடச் சொன்னவர் செயலாளர் தயாபரன் சேர். கொடையாளர் அப்படிச் சொல்லவில்லை. காயவைத்த என் அம்மா மேல் குற்றம் இல்லை."

சிறிது நேரத்தில் தயாபரன் அவளைக் குழுவிலிருந்து நீக்கினார். முகங்களைப் போட்டுச் சிரித்தவர்களில் ஒருவர்கூட ஒரு சொல் எழுதவில்லை.

"என்னடி, பேர வெட்டிட்டாங்களா?" என்று பாக்கியலெட்சுமி பதறினாள்.

"வெட்டட்டும்மா. அடுத்த வருசம் மாகாண விளையாட்டுக் கந்தோருக்கு நானே போய்ப் பேரக் குடுக்குறேன். இனி வீடியோ எடுக்குறதுக்காக நடுவழியில நிக்க வேணாம் பாரு."