நான் ரிஜெக்ட் செய்த இலைகள்

போன வருஷம் ஆவணி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஒரகடத்தைத் தாண்டி வாலாஜாபாத் போகும் பக்கம் ஒரு மொட்டைக் குன்று இருக்கிறது, அங்கேதான் இது நடந்தது. குழந்தைகளே, உங்கள் அப்பா எதற்கெடுத்தாலும் “எனக்குத் தெரியும்” என்று தலையாட்டுபவராக இருந்தால், இதை அவருக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகளுக்கு மறுநாள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. அந்தக் குன்றில் புதைபடிவம் கிடைக்கும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கல் கொண்டுவந்தால் அவளுக்கென்று ஒரு மேஜை. இல்லாவிட்டால் வருகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கும் வேலை. ஒரு வாரமாக அவளுக்கு வேறு பேச்சே இல்லை.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து எனக்கு விளக்கிக்கொண்டே வந்தாள். கோடிக்கணக்கான வருஷத்துக்கு முன்னால் இலை சேற்றில் விழுந்ததாம், சேறு கல்லானதாம், இன்னும் என்னென்னவோ. லாரிச் சத்தத்தில் பாதி கேட்கவில்லை. கேட்ட பாதி விளங்கவில்லை.

“புரிஞ்சுதாப்பா?”

நான் பத்தாவதைப் பாதியில் விட்டவன். பெற்ற பெண்ணிடம் புரியவில்லை என்று சொல்ல வாய் வருமா? “சூப்பரா புரிஞ்சுது” என்றேன்.

குன்று ஒன்றும் பெரிய உயரமில்லை. ஆனால் செங்குத்து. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. மண் வெளுத்துப்போய்ப் பாலைவனம் மாதிரி கொதித்தது. கால் வைத்தால் கல் பிஸ்கட் போல நொறுங்கிச் சறுக்கும். மலை ஏறப்போகிறோமே என்று கம்பெனியில் கொடுத்த சேஃப்டி ஷூவை மாட்டிக்கொண்டு போயிருந்தேன். அதைத் தூக்கி வைப்பதற்கே தனியாகச் சம்பளம் தர வேண்டும். என் மகள் சாதாரணச் செருப்பில் குடுகுடுவென்று ஏறிவிட்டாள். நான் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்துதான் ஏறினேன்.

மேலே அவள் தேடித் தேடிக் கல்லாகப் பொறுக்கி என் பையில் போட்டாள். பிறகு, “அந்தப் பக்கமும் பாத்துட்டு வரேன், பையைப் பாத்துக்கப்பா” என்று போனாள். பையின் கனம் தோளை அறுத்தது. இதோடு எப்படி இறங்குவது? வேண்டாததைக் கழித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

என் வேலை என்ன தெரியுமா? லைனில் வரும் கார்க் கதவுகளைத் தடவிப் பார்த்து, ஒரு கோடு, ஒரு கீறல் இருந்தாலும் ஒதுக்கி வைப்பது. பதினோரு வருஷமாக அதுதான். அதனால் கை தானாக ஓடியது. முதல் கல்லில் மீன்முள் மாதிரி ஒரு கோடு. ரிஜெக்ட். அடுத்ததில் சீப்புப் பல் மாதிரி வரிசையாகக் கீறல். ரிஜெக்ட். எல்லாவற்றையும் சரிவில் உருட்டிவிட்டேன். வழவழவென்று இருந்த மூன்றை மட்டும் பத்திரமாகப் பையில் வைத்தேன். எங்கள் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் கை குலுக்கியிருப்பார்.

அப்போது கீழேயிருந்து ஒரு குரல். “எவன்டா அவன், என் ஆட்டு மேல கல்லு வுடுறது?”

எட்டிப் பார்த்தேன். ஆடு மேய்க்கும் ஒரு அம்மா இடுப்பில் கை வைத்து நின்றார். நல்லவேளை, எந்த ஆட்டின் மேலும் படவில்லை.

சத்தம் கேட்டு ஓடி வந்த மகள் பையைத் திறந்தாள்.

“அப்பா, கல்லெல்லாம் எங்க?”

“கோடு விழுந்ததெல்லாம் தூக்கிப் போட்டுட்டேம்மா. நல்லதா மூணு வச்சிருக்கேன் பாரு.”

“அந்தக் கோடுதாம்பா இலை!”

அவள் அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன். “புரிஞ்சுதுன்னு சொன்னியே” என்று மட்டும் கேட்டாள். வெயிலைவிட அதுதான் சுட்டது.

இறங்கினோம். பாதி தூரம் நான் உட்கார்ந்தபடியே சறுக்கினேன். என் பேண்ட்டின் ஆயுள் அன்றோடு முடிந்தது. கீழே அந்த அம்மா உருண்டு வந்த கற்களை முந்தானையில் கட்டி வைத்திருந்தார்.

“ஏழு கல்லு! ஊர்ல நாலு பேராண்ட காட்டாம வுடமாட்டேன். இன்னாய்யா, ஷூவெல்லாம் மாட்டிகினு பெரிய மனுசன் கணக்கா கீற, கல்லு வுட்டு வெளயாடுற?”

“தெரியாம நடந்துபோச்சுக்கா, மன்னிச்சிடுங்க.”

“என்னாண்ட இன்னாத்துக்குக் கேக்குற? அந்தக் கெடாவாண்ட கேளு. பயந்துபோய் கீது பாரு.”

கிடாவிடமும் கேட்டேன். நிஜமாகவே கேட்டேன். அது என் பையின் வாரை மெல்ல ஆரம்பித்தது.

என் மகள் ஒரு கல்லை வாங்கி, வெயிலில் சாய்த்துப் பிடித்து, அந்த அம்மாவுக்கு ஆரம்பத்திலிருந்து விளக்கினாள். பக்கத்தில் நின்று நானும் காது கொடுத்துக் கேட்டேன். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

“அட, ஆமா! எலைதான். இத்தினி வருசமா இது மேல குந்திகினுதான் சோறு துன்னுகினு கீறேன்!”

ஆறு கல்லைக் கொடுத்துவிட்டு, இருப்பதிலேயே பெரியதை மடியில் முடிந்துகொண்டார். “இத்த ஊர்ல காட்டியே ஆவணும்” என்றார். மகள் முகம் ஒரு நொடி சுண்டியது. ஆனால் தடுக்கவில்லை.

மேஜை அவளுக்குக் கிடைத்துவிட்டது. ஆனால் அதற்கு முன்பே, அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியை ஓரம் கட்டி, “காலையில நீ சொன்னது எனக்குப் புரியவே இல்லம்மா” என்று சொல்லிவிட்டேன். “தெரியும்பா. இலை எப்படிக் கல்லாச்சுன்னு நான் கேட்டப்பக்கூட நீ ஆமான்னுதான் சொன்ன” என்று சிரித்தாள்.

இப்போதெல்லாம் புரியாவிட்டால் உடனே சொல்லிவிடுகிறேன். அவள் இரண்டாம் முறை மெதுவாக, என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறாள். வெட்கப்பட்டுக்கொண்டு இத்தனை வருஷம் இதை இழந்திருக்கிறேனே என்றுதான் ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது.