பென்சில் அக்கா

கடையின் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்திருக்கும் போன்களில் நான்காவதற்கு வந்துவிட்டார் அக்கா. இடது கையால் திரையின் வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே இறக்குகிறார். வலது கையில் பென்சில். அதன் நுனியைப் பிடித்து, மழையில் காரின் முன்கண்ணாடியைத் துடைக்கும் கம்பி மாதிரி, திரைக்கு முன்னால் இடமும் வலமும் விறுவிறுவென்று ஆட்டுகிறார். ஐந்து விநாடிதான். உதட்டைப் பிதுக்கிவிட்டு ஐந்தாவது போனுக்கு நகர்கிறார்.

கடைக்காரர் எழுதிப் பார்க்கக் காகிதம் வேண்டுமா என்று பணிவாகக் கேட்டார்.

"வேணாம்ப்பா. உன் போன் எல்லாமே பல்லு பல்லா இருக்கு."

கடைக்காரர் குனிந்து போன்களில் பல்லைத் தேடினார்.

விஷயம் இவ்வளவுதான். நடுங்காத திரைக்கு முன்னால் ஆட்டினால் பென்சில் ஒரே புகையாகத் தெரியும். நடுங்குகிற திரை என்றால், சீப்புப் பற்கள் போல ஏழெட்டுப் பென்சில் தனித்தனியாக நிற்கும். அணைந்து எரிந்து அணைந்து எரிகிற அந்த வேகத்தை நம் மண்டை சட்டை செய்வதில்லை. அக்காவின் மண்டை ஒன்றுவிடாமல் எண்ணி வைக்கிறது. கால் மணி நேரத்தில் வலது கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருக்குமாம். அப்புறம் குமட்டல். அப்புறம் தரை படகாகிவிடும்.

பார்சல் பிரிக்கும் கூடத்தில் அவருக்கு அடுத்த மேசை என்னுடையது. அவர் அங்கே வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. எந்தக் குழல்விளக்கு கெடப் போகிறது என்பதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லிவிடுவார். ஏணியோடு வரும் எலக்ட்ரீஷியன் கூரையை அண்ணாந்துகூடப் பார்க்காமல் நேரே இவரிடம் வந்து, இன்றைக்கு யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரிப்பார். சாப்பாட்டு அறையில் அக்கா டிவிக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவார். சீரியலில் என்ன நடக்கிறது என்பதை எங்கள் முகங்களைப் பார்த்தே தெரிந்துகொள்வார். வீட்டில் பல்பு வாங்கும் உரிமை அவருடைய கணவருக்குக் கிடையாது. குழாய் வேலை பார்க்கும் மனிதர் அவர். ஊரில் எல்லாப் பெண்டாட்டியும் புருஷனைச் சந்தேகப்படுவார்கள், என் வீட்டில் பல்பைத்தான் சந்தேகப்படுகிறார்கள், நான் தப்பித்தேன் என்று எங்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

கண் மருத்துவர் எழுத்துப் பலகையில் கடைசி வரியைப் படிக்கச் சொன்னார். அக்கா அதற்கும் கீழே பொடியாக இருந்த அச்சகத்தின் விலாசத்தையும் சேர்த்துப் படித்தார். கண்ணில் ஒரு குறையும் இல்லை, டென்ஷன் இல்லாமல் இருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த டென்ஷனோடு வீடு வந்து சேர்ந்தாராம்.

போன மாதம்வரை கூடத்தில் காகிதப் பட்டியல்தான். அக்காவுக்கு அதுகூட வேண்டியதில்லை. விலாசத்தைப் பார்த்த கை தானாக அடுக்குக்குப் போய்விடும். போன மாதம் மேசைக்கு ஒரு புது போனைத் தாங்கியில் நிறுத்தி வைத்தார்கள். ஒவ்வொரு பார்சலையும் அதன்முன் காட்ட வேண்டும். எந்த அடுக்கு என்று திரை சொன்ன பிறகுதான் வைக்க வேண்டும். முதல் நாள் பத்து மணிக்குள் அக்கா இரண்டு தடவை கழிப்பறைக்கு ஓடினார்.

சூப்பர்வைசர் நல்ல மனிதர். அதில்தான் வினையே வந்தது. அக்காவைவிட இருபது வயது சின்னவர். 'சார்' என்று மட்டும் சொல்ல வாய் வராமல், 'தம்பி' என்று மட்டும் சொல்லத் துணிவும் வராமல், அக்கா அவரை 'சார் தம்பி' ஆக்கியிருந்தார். மறுநாள் காலை அவர் எல்லோருக்கும் முன்னால் வந்து, கண்ணுக்கு இதமாக இருக்கட்டும் என்று அக்காவின் போனில் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வைத்துவிட்டார். அன்று அக்கா ஒன்பதரைக்கே தலையைப் பிடித்துக்கொண்டு, கவிழ்த்துப் போட்ட பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சத்தைக் குறைத்தால் இந்த போன் மங்குவதில்லை, அணைந்து கிடக்கும் நேரத்தைத்தான் கூட்டிக்கொள்கிறது என்று அக்கா அவருக்கு விளக்கிப் பார்த்தார். சார் தம்பி பாதி தலையாட்டினார். ஆகவே அக்கா அவருக்குப் புரிகிற பாஷைக்கு இறங்கி வந்தார்.

"கண்ணடிக்குது சார் தம்பி. செகண்டுக்கு இருநூறு தடவ. வயசுப் பொண்ணா இருந்தப்பகூட என்னை யாரும் இப்படிக் கண்ணடிச்சதில்ல."

கூடமே சிரித்தது. சார் தம்பியின் காது மட்டும் சிவந்தது.

அப்புறம் அக்காவே ஒரு வழி செய்தார். வெளிச்சத்தை முழுசாக ஏற்றிவிட்டால் நடுக்கம் குறைகிறது. முழு வெளிச்சம் கூசும் என்பதால் கறுப்புக் கண்ணாடி. நடிகை வந்தாச்சு, ஓரம் போங்க என்று கூடத்தில் தினம் ஒரு குரல். ஆனால் போனுக்கு மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துபோகும். கறுப்புக் கண்ணாடிக்குள் மூன்றும் எட்டும் அண்ணன் தம்பி மாதிரி தெரியும். யாருக்கோ போக வேண்டிய காது மெஷின் தப்பான ஊருக்குப் போய், அங்கே கேட்க ஆளில்லாமல் திரும்பி வந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து தாள் வந்தது. ஒரு ஷிப்டுக்குத் தொள்ளாயிரம் பார்சல். வெள்ளிக்கிழமைக்குள் அந்தக் கணக்கை எட்டாதவர்கள் லாரி ஏற்றும் பக்கம் மாற வேண்டும். அக்கா மாடிப்படியையே பக்கவாட்டில் ஒவ்வொரு காலாக இறங்குபவர். லாரிப் பக்கம் அந்த முழங்கால் ஒரு வாரம் தாங்காது. அன்று அவர் யாரையும் கிண்டல் செய்யவில்லை. இந்த மேசையை விட்டால் தனக்கு வேறு வேலை தெரியாது என்று மட்டும் பொதுவாகச் சொல்லிவிட்டு, பார்சல் ஒட்டும் டேப்பைக் கிழிக்க ஆரம்பித்தார்.

கைக்காசைப் போட்டாவது ஒரு நல்ல போன் வாங்கலாம் என்றுதான் புதன்கிழமை மதியம் நானும் அக்காவும் எதிரே இருக்கும் அந்த போன் கடைக்குப் போனது. ஒன்றும் தேறவில்லை. ஆனால் பல்லைத் தேடிய கடைக்காரர் போகிறபோக்கில் ஒன்று சொன்னார். ஒரே பெயர் போட்ட போனுக்குள்ளும் திரை வேறு வேறு தொழிற்சாலையிலிருந்து வருமாம்.

அக்கா நேரே சார் தம்பியிடம் போய், அலமாரியில் உபரியாகக் கிடக்கும் நாற்பது போன்களையும் பார்க்க வேண்டும் என்றார். எல்லாம் ஒரே மாடல்தானே என்றார் அவர்.

"ஒரு வயித்துல பொறந்ததே ஒரே மாதிரியா இருக்கு? என் ரெண்டு பசங்கள நீங்க பார்த்ததில்ல."

அலமாரி திறந்தது. நான் பெட்டியைப் பிரித்துக் கொடுக்க, அக்கா ஆட்ட, சார் தம்பி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பத்து, பல்லு. இருபது, பல்லு. அக்காவின் மேலுதட்டில் வியர்வை. முப்பத்தொன்றாவதில் பென்சில் காணாமல் போய், அந்த இடத்தில் புகை நின்றது. அக்கா மறுபடி ஆட்டினார். மறுபடி புகை. பென்சிலை சார் தம்பியிடம் நீட்டினார்.

அவர் அதில் ஆட்டினார். பக்கத்தில் இருந்ததில் ஆட்டினார். தன் சட்டைப் பையிலிருந்த சொந்த போனை எடுத்து அதிலும் ஆட்டினார்.

"ஆமாக்கா. பல்லு பல்லா இருக்கு," என்றார், யாருடைய ரகசியத்தையோ சொல்வதுபோல.

நாற்பதில் மூன்று தேறின. ஒன்றை எடுத்துக்கொண்ட அக்கா, மற்ற இரண்டையும் தனியாக வைக்கச் சொன்னார். தன்னைப் போல இன்னொருத்தி எப்படியும் வருவாள் என்றார்.

வெள்ளிக்கிழமை கறுப்புக் கண்ணாடி இல்லை. திரையில் பாதி வெளிச்சம். சாப்பாட்டுக்குக்கூடப் பத்து நிமிடம்தான் எழுந்தார். மூன்றே முக்கால் மணிக்கு சார் தம்பி தாளோடு வேகமாக வந்தார். அவர் நடையைப் பார்த்து எல்லா மேசையிலும் கைகள் நின்றன.

"அக்கா, தொள்ளாயிரத்து நாப்பது. இப்பவே. போதும், எழுந்திரிங்க."

சாக்கின் அடியில் இன்னும் கொஞ்சம் பார்சல் இருந்தது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இடது உள்ளங்கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்தி, கொஞ்சம் இருங்கள் என்று காட்டிவிட்டு, அடுத்த பார்சலை எடுத்தார்.