அப்பாவும் அம்மாவும் பேசிக்கொண்ட கார்

பத்தாண்டு உரிமம் முடிந்துபோன என் காரைப் பழைய கார் யார்டில் ஒப்படைக்கப் போயிருந்தேன். கடைசியாக ஒருமுறை கதவைத் திறந்தபோது, வெயிலில் காய்ந்த சீட்டின் வாடை அடித்தது. அப்பாவின் காரிலும் அதே வாடைதான்.

என் சின்ன வயதில், சிங்கப்பூரின் ஃபேரர் பார்க்கில், சித்தப்பா குடும்பத்தோடு ஒரே வீட்டில் எட்டுப் பேர் இருந்தோம். தனியாக எதையாவது பேசவேண்டுமென்றால் அப்பாவும் அம்மாவும் கீழே இறங்கிப் போய், நிறுத்தியிருந்த காருக்குள் உட்கார்ந்துகொள்வார்கள். மாடியிலிருந்து பார்த்தால் அம்மாவின் கைகள் அசைவது மட்டும் தெரியும். சண்டையா சிரிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது.

அந்தக் காரை ஸ்க்ராப்புக்குக் கொடுப்பதென்று முடிவானதும் அம்மா கேட்டார்: “இனிமே எங்கங்க பேசுறது?”

“பஸ்ல போய்ட்டு வரலாம் லா,” என்றார் அப்பா.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் இருவரும் தீவின் கிழக்கே தெம்பனிஸ் வரை பஸ்ஸில் போய், அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். எங்களைக் கூட்டிப்போகவில்லை. சித்தப்பா தனி வீடு வாங்கிக்கொண்டு போன பிறகும் அவர்கள் அதை நிறுத்தவில்லை.

“உள்ள எதுவும் எடுக்கணுமாண்ணே?” என்று யார்டில் வேலை செய்பவர் கேட்டார்.

இல்லையென்று சாவியைக் கொடுத்தேன். இந்தக் காரில் பெரும்பாலும் நான் தனியாகத்தான் போய்வந்தேன்.