மாம்பலத்து இரும்பு மனிதன்

போன சனிக்கிழமை மந்தைவெளியிலிருந்து மாம்பலத்துக்கு இயந்திர மனிதனைப் பார்க்கப் போனேன். ஆசையால் அல்ல, பந்தயத்தால். என் ஓரகத்தி கோமளா, என் மகன் கல்யாணப் பந்தியில் பாயசம் அடிபிடித்திருக்கிறது என்று எல்லார் காதிலும் விழச் சொன்னவள். நாலு வருஷமாகப் பேச்சில்லை. இப்போது அவள் மகளுக்கு வளைகாப்பு. நான் வலியப் போவதா, அவள் வந்து அழைப்பதா? அவள் புருஷன், என் கொழுந்தன் முருகேசன்தான் எங்கள் இருவரையும் வைத்துக்கொண்டு வழி சொன்னார்.

"இரும்பு மனுசன்னு கொட்டா போட்டுக்கீறாங்க. மனுசன் மாதிரிதான்னு அண்ணி சொல்றாங்க, வெறும் பொம்மைன்னு இவ சொல்றா. தோத்தவங்க எறங்கி வரணும்."

மூன்று மணிக்கு ஜட்கா பிடித்தேன். தூரம் சுமார் மூன்று மைல். வண்டிக்காரர் எட்டணா கேட்டார்.

"ஆறணாதான், பாய்."

"இன்னாம்மா, குதிர வயிறு ஒட்டிக்கினு கீது, பாருங்க!"

"என் சுருக்குப்பையும் அப்படித்தான் கீது."

சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் புழுதி.

சைதாப்பேட்டையிலிருந்து வந்த கோமளாவும் முருகேசனும் கொட்டகை வாசலில் நின்றார்கள். டிக்கெட் இரண்டணா. உள்ளே மேடையில் தகரத் தலை, பல்புக் கண், இரண்டு கை. இடுப்புக்குக் கீழே பெட்டியும் சக்கரமும்தான்.

"காலே இல்லியே," என்று கோமளா புருஷனிடம் சொன்னாள், எனக்குக் கேட்கும்படி. "தலைய வெச்சிட்டா மனுசனா? எங்கூட்டு அண்டாவுக்குக்கூட வெக்கலாம்."

"கால் இல்லாதவங்க மனுசங்க இல்லியான்னு கேளுங்க தம்பி," என்றேன் நானும் அவரிடமே.

"எதுனா குடுங்க, வாங்கிக்குவாரு!" என்றான் வித்தைக்காரன். எழுந்து போய் வெற்றிலையை நீட்டினேன். பல்புக் கண் எரிந்தது. கிர்ரென்று சத்தம். இடது கை நீண்டது.

"டேய்!" கோமளா எழுந்துவிட்டாள். "அக்கா குடுக்கறத எடது கையாலயா வாங்குற? ஒங்கூட்டுல சொல்லிக் குடுக்கல?"

கொட்டகையே சிரித்தது. எனக்கும் கோபந்தான். அரிசி மில் எந்தப் பக்கம் தவிட்டைத் துப்பினாலும் நாம் மரியாதை பார்ப்பதில்லை. தலையும் கையும் வைத்துக்கொண்டு எதிரே நின்றால் பார்க்கிறோம். மனித உருவத்துக்கு என் கணக்கு அவ்வளவுதான், கால் அப்புறம்.

"அண்டாவ யாராச்சும் திட்டுவாங்களா? தோத்துட்ட," என்றார் முருகேசன்.

வெளியே வந்ததும் கோமளா ஒரு முழம் கதம்பம் வாங்கி என் தலையில் வைத்தாள்.

"நாளைக்கு வூட்டுக்கு வந்து முறையா கூப்புடறேங்க்கா."

போக நினைப்பவர்கள் நாலு மணி ஆட்டத்துக்குப் போங்கள், கூட்டம் குறைவு. சைதாப்பேட்டைப் பக்கத்தாருக்கு ரயில்தான் சௌகரியம். முன்பெஞ்சில் உட்கார வேண்டாம், எண்ணெய் தெறிக்கிறது. மறுநாள் அவள் வந்து அழைத்தாள், வளைகாப்புக்குப் போகிறேன். கோமளாவோடு பேச்சு வந்துவிட்டது. இடது கை நீட்டிய அந்த இரும்பு மனிதனோடுதான் இனிமேல் பேச்சில்லை.