அசைய மறுத்த நான்கு ஆப்புகள்

முப்பத்தெட்டு வருடம் சென்ட்ரிங் மேஸ்திரியாக இருந்தேன். கான்கிரீட் இறுகும்வரை அதைத் தாங்கப் பலகையும் முட்டும் கொடுக்கிற வேலை. நான் வேலை பார்த்த கட்டடங்களைப் பற்றிக் கேட்டால் மணிக்கணக்கில் பேசுவேன். விழுந்த கட்டடம் ஒன்று உண்டு. அதைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

1. பத்து மணி டீ

தொண்ணூறுகளின் தொடக்கம், ஐப்பசி மாதம். ஏற்காட்டில் ஏரிக்கு மேலே ஒரு சரிவில் லாட்ஜ் கட்டிக்கொண்டிருந்தோம். காலை பத்து மணிக்கு எதிர்க் கடையில் எட்டுப் பேர் டீ கிளாஸோடு நின்றோம். செங்கல் உருளும் சத்தம் கேட்டது. அடுத்து, காலுக்குக் கீழே நிலம் ஒரு முறை உதறியது. திரும்பிப் பார்த்தால் கீழ்த்தளத்தின் கூரையைக் காணோம். தூறலையும் மீறி சிமெண்ட் தூசி எழும்பி நின்றது.

உள்ளே இரண்டு பேர். கொத்தனார் வேலு, மாரமங்கலத்துக்காரர், என்னோடு பதினோரு வருடம் வேலை பார்த்தவர். சித்தாள் சரோஜா, நாகலூர்ப் பெண். "இந்தச் சட்டிக் கலவை காஞ்சு போயிருங்க, பூசிட்டு வந்தர்றோம்" என்று வேலு சொன்னதால் இருவரும் டீக்கு வரவில்லை.

ஏன் விழுந்தது என்று எனக்கு அந்த நிமிடமே தெரியும். கான்கிரீட் போட்டு ஒன்பதாம் நாள், அதாவது முந்தின நாள் மாலை, கூரையைத் தாங்கிய முட்டுகளைப் பிரித்திருந்தேன். அவ்வளவு அகலக் கூரைக்கு மூன்று வாரமாவது முட்டு நிற்க வேண்டும். மலைக் குளிரில் கான்கிரீட் இன்னும் மெதுவாகத்தான் இறுகும். ஆனால் மேல்தளத்துக்கு அதே மரங்கள் தேவைப்பட்டன.

"ஏனுங்க மேஸ்திரி, சீசனுக்குள்ள தெறக்கோணும். மரத்தப் பிரிச்சு மேல ஏத்துங்க" என்றார் முதலாளி.

"இன்னும் பத்து நாள் போகட்டுங்க" என்றேன்.

"எல்லாம் நிக்கும், பிரிங்க."

பிரித்தேன். மறுநாள் காலை கூரை மேல் செங்கல்லும் மணலும் ஏற்றினார்கள்.

2. விசில்

கடப்பாரை, மண்வெட்டி, வெறுங்கை என்று கிடைத்ததை வைத்துத் தோண்டினோம். ஊரே கூடிவிட்டது. தீயணைப்பு வண்டி வந்தது. முதலாளி எஸ்டேட் ரோடு வேலைக்கு வந்திருந்த புல்டோசருக்கு ஆள் அனுப்பினார். சரோஜாவின் புருஷன் மணி நாகலூரிலிருந்து ஓடிவந்து, உடைந்த ஸ்லாப் மேல் ஏறி அவள் பேரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான்.

அந்த வாரம் சேலத்தில் தீயணைப்புக்காரர்களுக்கு, இடிபாட்டில் சிக்கியவர்களை மீட்கும் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சொல்லிக்கொடுக்க வெளிநாட்டுக் குழு ஒன்று வந்திருந்தது. மூன்று ஸ்விஸ்காரர்கள், இரண்டு இங்கிலாந்துக்காரர்கள். போன் போன ஒன்றரை மணி நேரத்தில் அவர்களுடைய ஜீப் மலையேறி வந்து நின்றது. கூட ஒரு ஸ்டேஷன் ஆபீசர் வந்தார். அவர்கள் சொல்வதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னது அவர்தான்.

குழுத் தலைவி மார்த்தா. ஐம்பது வயதிருக்கும், நரைத்த கிராப். இறங்கியதும் நீளமாக ஒரு விசில் ஊதினார். எல்லோரையும் இடிபாட்டை விட்டு இறங்கச் சொன்னார்.

கூட்டம் கொதித்தது. "உள்ள உசுரு துடிக்குது, இவுங்க வந்து எறங்கச் சொல்றாங்களா?" என்று மணி பாய்ந்தான். நான்தான் அவனைப் பிடித்துக்கொண்டேன்.

மார்த்தா கேட்ட முதல் கேள்வியை ஆபீசர் உரக்கச் சொன்னார். "இதுக்கு சென்ட்ரிங் போட்டது யாருங்க?"

அடி விழும் என்று நினைத்தேன். ஓடிவிடலாம் என்றும் ஒரு கணம் நினைத்தேன், மறைக்கவில்லை. கையைத் தூக்கினேன்.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. ஒரு பலகையையும் கரித்துண்டையும் கொடுத்து, வரையச் சொன்னார். பீம் எங்கே, படிக்கட்டு எங்கே, எந்த முட்டு எடுத்தது, எந்த முட்டு எடுக்காதது.

எடுக்காதது நான்கு. படிக்கட்டுப் பக்கத்துப் பீமுக்கு அடியில். முட்டுக்கு அடியில் அடித்திருந்த மர ஆப்புகள் மழையில் ஊறி இறுகிப் போயிருந்தன. சுத்தியலுக்கு அசையவில்லை. நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். பிற்பாடு சிலர் அதை என் முன்யோசனை என்று பேசினார்கள். அப்படி எதுவும் இல்லை. எனக்குக் கை வலித்தது, அவ்வளவுதான்.

மார்த்தா அந்த நான்கு புள்ளிகளையும் சுற்றி ஒரு வட்டம் போட்டார். "ஆளு உசுரோட இருந்தா இங்கதான்" என்றார் ஆபீசர்.

3. ஊர் மூச்சடக்கியது

ஸ்லாப்பின் விரிசலில் ஒரு கருவியைச் செருகினார்கள். உள்ளே சின்ன அசைவு இருந்தாலும் அது காதுக்குக் கொண்டுவரும். ஆனால் சுற்றிலும் ஒரு சத்தமும் இருக்கக் கூடாது. போலீஸ் பஸ்களை நிறுத்தியது. டீக்கடைக்காரர் ஸ்டவ்வை அணைத்தார். ஐந்நூறு பேர் நின்ற இடத்தில் இலையில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

பீட்டர் என்ற ஸ்விஸ்காரர் கல்லால் மூன்று முறை தட்டினார். காத்திருந்தோம். மறுபடி மூன்று. மார்த்தா கண்ணை மூடியிருந்தார். திடீரென்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தார்.

டங். டங். டங்.

சிமெண்ட் சட்டியின் சத்தம். சட்டி எப்போதும் சரோஜாவின் கையில்தான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து புல்டோசர் வளைவில் திரும்பி வந்தது. முதலாளி முன்னால் நடந்து வந்தார். "இவுங்க தட்டித் தட்டிப் பாத்தா பொழுது போயிரும். ஒரு தள்ளு தள்ளினா ஸ்லாப் நவுந்துரும்."

வண்டியின் அதிர்வில் விரிசலிலிருந்து பொடி உதிர்ந்தது. நான் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"டிரைவரண்ணே, ஆஃப் பண்ணுங்க. மொத்த பாரமும் நாலு முட்டு மேல நிக்குது. அதுக்கு அடியில சரோஜா இருக்குது."

"நாலுதானா? மீதியெல்லாம் எங்க?" என்று மணி கேட்டான்.

"நேத்து நான் பிரிச்சுட்டேன் சாமி. மொதலாளி பிரிக்கச் சொன்னாரு, நான் பிரிச்சேன்."

எஞ்சின் நின்றது. முதலாளி என் முகத்தைப் பார்க்கவில்லை. மணி பார்த்தான். அடிக்கவில்லை. "உள்ள போயிக் கூட்டியாங்க" என்று மட்டும் சொன்னான்.

4. ஓரடிக்கு ஒரு முட்டு

முட்டுக் கொடுக்க எஸ்டேட்டிலிருந்து சில்வர் ஓக் மரம் வந்தது. இடிபாட்டுக்குள் குடைந்துகொண்டு பீட்டர் முன்னால் தவழ்ந்தார், நான் பின்னால். ஓரடி தோண்டினால் அங்கேயே முட்டுக் கொடுத்த பிறகுதான் அடுத்த அடி. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆப்பை இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, மெதுவாகத் தட்ட வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு முறை அவசரத்தில் ஓங்கி அடித்துவிட்டேன். மேலே கான்கிரீட் முனகியது. பீட்டர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அசையாமல் கிடந்தார். முனகல் நின்றது. கையை விட்டார்.

நான்கு மணி நேரம். பன்னிரண்டு அடி.

"யாருங்க?" என்று இருட்டிலிருந்து ஒரு குரல்.

"மேஸ்திரி, கண்ணு."

"காலு மாட்டிக்கிச்சுங்க. வேலண்ணன் மொதல்ல பேசிட்டிருந்தாருங்க. இப்ப நொம்ப நேரமாப் பேசறதில்லைங்க."

டார்ச் வெளிச்சத்தில், பீமுக்கு அந்தப் பக்கம் வேலுவின் கை மட்டும் தெரிந்தது. பீட்டர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இல்லையென்று தலையை அசைத்தார்.

சரோஜாவின் காலை நசுக்கிக்கொண்டிருந்த கான்கிரீட் துண்டை, காற்றடைத்த பை வைத்து விரற்கடை விரற்கடையாகத் தூக்கினோம். ஐந்தரை மணி சுமாருக்குச் சரோஜா வெளியே வந்தாள். மூடுபனி இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் அவளை ஏற்றிக்கொண்டு மலை இறங்கியது. இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தாள். வேலுவை மறுநாள்தான் எடுக்க முடிந்தது. அதுவரை குழு போகவில்லை.

5. வேலுவின் வீட்டில்

போலீஸில் முதலாளி, மேஸ்திரி தன்னிஷ்டத்துக்குப் பிரித்துவிட்டான் என்றார். நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். வழக்கு பல வருடம் நடந்தது. இருவருக்கும் தண்டனை வந்தது. நான் ஆறு மாதம் உள்ளே இருந்தேன்.

வெளியே வந்த பிறகு மாரமங்கலம் போனேன். வேலுவின் மனைவி பொன்னி மிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கையெடுத்துக் கும்பிட்டு, முதலாளி சொல்லைத் தட்ட முடியவில்லை என்று ஆரம்பித்தேன்.

அவள் குறுக்கிட்டாள். "அத உடுங்க. முட்டப் பிரிச்சப்ப, நாளைக்கு அதுக்கு அடியில எங்கூட்டுக்காரரு நிப்பாருன்னு உங்களுக்குத் தெரியுமில்லைங்க?"

"தெரியும்" என்றேன்.

குனிந்து மிளகைத் துழாவ ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகும் இருபது வருடம் வேலை பார்த்தேன். நாள் முடியாமல் முட்டைப் பிரிக்கச் சொன்ன ஓனர்கள் உண்டு. அவர்களிடம் நான் நாள் கணக்குப் பேசியதில்லை. "அடியில வந்து நில்லுங்க, பிரிக்கிறேன்" என்பேன். ஒருவரும் வந்து நின்றதில்லை.